கரை வந்தாச்சு, எழுந்திருங்க

படகுச் சுற்றுலாத் தொழிலில் ஆளை ஏற்றுவது பெரிய விஷயமே இல்லை. எழுப்பி இறக்குவதற்குள்தான் நம் உயிர் போய்விடும்.

ஒரகடம் கூட்டுரோட்டில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. வார நாளில் ஜெராக்ஸ், ரயில் டிக்கெட், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. ஞாயிற்றுக்கிழமையானால் நாற்பது பேரை ஒரு பஸ்ஸில் அள்ளிப் போட்டுக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம், ஒரு ஆறு கடலில் போய்ச் சேருகிற இடத்துக்குக் கூட்டிப் போவேன். இடத்தின் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த வாரமே நீங்கள் எல்லாரும் டிபன் கேரியரோடு வந்து நிற்பீர்கள். காலை பத்து மணிக்குப் படகில் ஏறினால் மெதுவாக ஆற்றில் மேலே போய், நடுவில் ஒரு மணல்திட்டில் இறங்கி மீன் குழம்புச் சாப்பாடு, அப்புறம் அதே மெதுவில் திரும்பி மூன்று மணிக்குத் துறை. அவ்வளவுதான் என் சுற்றுலா.

வருகிறவர்கள் எல்லாரும் கார் கம்பெனி, லாரி கம்பெனி, அதற்குப் பாகம் செய்து கொடுக்கிற கம்பெனி ஆட்கள். சனிக்கிழமை நைட் ஷிப்ட் முடிந்ததும் யூனிஃபார்மை மட்டும் மாற்றிக்கொண்டு நேராக என் பஸ்ஸில் ஏறுகிறவர்கள். சொந்தக்காரக் கூட்டத்தைத் திருப்பதிக்குக் கூட்டிப் போய்த் திரும்பியவர்களுக்கு என் பாடு புரியும். என்ன, உங்கள் கூட்டம் தொலைந்துபோகும், என் கூட்டம் தூங்கிப்போகும். அதில் ஒரே ஒருவருக்கு மட்டும் தூக்கம் வராது. மூன்று வாரத்துக்குள் தூங்கவில்லை என்றால் வேலையே போய்விடும் என்ற நிலையில் வந்து ஏறிய ஆள் அவர். அவர் கதையும் இதில் வருகிறது. முதலில் இருந்து சொல்கிறேன்.

மைக் வாங்கிய புதிதில்

முதல் பயணத்துக்கு நான் செய்த தடபுடல் கொஞ்சநஞ்சம் இல்லை. கழுத்தில் மாட்டுகிற மைக் ஒன்று வாங்கினேன். ஆற்றோரப் பறவைகளின் பேரெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, ஜெராக்ஸ் மிஷினுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு வாரம் மனப்பாடம் செய்தேன். பாட்டுக்குப் பாட்டு, வினாடி வினா, ஜெயித்தவருக்கு ஆளுக்கொரு சோப்பு டப்பா என்று பெரிய திட்டம்.

படகு துறையை விட்டுப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். "எல்லாரும் வலது பக்கம் பாருங்க, மீன்கொத்தி" என்று மைக்கில் சொல்லிவிட்டுத் திரும்பினால் நாற்பது தலையும் தொங்கிவிட்டது. அதுவும் கம்பெனி பஸ்ஸில் தூங்குகிற அதே தினுசில். பையை மடியில் வைத்து, மேலே கையைக் கட்டி, நெற்றியை முன்சீட்டுக் கம்பிக்கு முட்டுக்கொடுத்து. தண்ணீர் படகின் பக்கத்தைத் தட்டிக்கொண்டே போகிறது. கரையோரச் சவுக்கு மரங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்கின்றன. கூரைத் துணி வழியாக மஞ்சளாய் இறங்கிய வெயில் எல்லார் முதுகிலும் உட்கார்ந்திருக்கிறது. இத்தனை அழகையும் வைத்துக்கொண்டு நான் ஒருத்தி மட்டும் மீன்கொத்தியோடு நிற்கிறேன். எனக்கு வந்ததே கோபம்.

முன்வரிசையில் ஒரு லாரி கம்பெனிக்காரர். பேர் ஏழுமலை, நாற்பத்தைந்து வயது இருக்கும். அவர் காதருகே மைக்கைப் பிடித்து, "அண்ணா, ஆத்தப் பாருங்கண்ணா, எவ்ளோ அழகா கீது" என்றேன். அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு சொன்னார்: "படப்பை ஸ்டாப் வந்தா எழுப்பும்மா."

ஒரு ஹாரன்

படகு தேசிங்கு அண்ணனுடையது. கடலில் இருபது வருஷம் மீன் பிடித்து, இடுப்பு வலி வந்ததும் ஆற்றுக்கு மாறிக்கொண்டவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் படகைப் பற்றித்தான் பேசுவார்.

இரண்டாவது பயணம். எல்லாரும் வழக்கம்போல உறக்கம். எதிரே ஒரு சின்ன ஓடத்தில் ஒருவர் வலை இழுத்துக்கொண்டிருந்தார். ஒதுங்கட்டும் என்று தேசிங்கு அண்ணன் ஹாரனை நீளமாக ஒரு தடவை அடித்தார். அவ்வளவுதான். நாற்பது பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். பாதிக் கண் மூடியபடியே தண்ணீர் பாட்டிலை எடுத்தார்கள். எல்லாரும் இடது ஓரமாகப் போய் ஒருவர் பின் ஒருவராக வரிசை கட்டி நின்றுவிட்டார்கள். கம்பெனியில் நீள ஹாரன் என்றால் டீ பிரேக். மஞ்சள் கோட்டுக்குள்ளே, இடது பக்கமாகத்தான் நடக்கவேண்டும் என்பது அங்கே சட்டம். நாற்பது பேர் பாரமும் ஒரே பக்கம் விழுந்தால் படகு என்ன செய்யும், சாயத்தான் செய்யும். தண்ணீர் விளிம்பை எட்டிப் பார்த்தது. தேசிங்கு அண்ணன் "உக்காருங்க, உக்காருங்க" என்று தொண்டை கிழியக் கத்துகிறார். வரிசையில் நிற்கிறவன் எவன் உட்காருவான்?

நானும் கல்யாணத்துக்கு முன்னால் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஆறு வருஷம் லைனில் நின்றவள்தான். அதனால் எனக்கு மட்டும் மூளை வேலை செய்தது. "அண்ணா, இன்னொரு வாட்டி அடிங்க" என்றேன். அடித்தார். பிரேக் முடிந்துவிட்டது. எல்லாரும் ஒழுங்காகத் திரும்பி வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்து, நெற்றியைக் கம்பியில் வைத்துத் தூங்கிவிட்டார்கள். டீ எங்கே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. தேசிங்கு அண்ணன் அன்றைக்கே தன் துண்டை அவிழ்த்து ஹாரன் வாயைக் கட்டிவிட்டார். கட்டிக்கொண்டே சொன்னார்: "இருவது வருசம் வலை போட்டுகினு இருந்தேம்மா, ஒரே ஹாரனுக்கு நாப்பது வந்து மாட்னத இப்பதான் பாக்கறேன்."

உயரம்

மாதத்தில் ஒரு ஞாயிறு பெண்கள் விடுதிக்கு ஒதுக்கிவிடுவேன். அவர்களும் தூங்குவார்கள், ஆனால் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து, வரிசை முழுக்க ஒரே பக்கமாகச் சரிந்து தூங்குவார்கள். பார்க்க நன்றாக இருக்கும்.

ஒரு தடவை மணல்திட்டில் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தேன். தர்மபுரிப் பெண் பவித்ரா தட்டை நீட்டியபடி, தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையே உற்று உற்றுப் பார்த்தாள். "தெரிஞ்ச பொண்ணா?" என்று கேட்டேன். "எங்க ரூம்தான்கா" என்றாள். ஒரே ரூம், பக்கத்துப் பக்கத்துக் கட்டில், எட்டு மாசம். ஆனால் இவளுக்குப் பகல் என்றால் அவளுக்கு ராத்திரி. ஷிப்ட் மாறும்போது இரண்டு பேருக்கும் சேர்ந்தே மாறிவிடும். ஒருத்தி வரும்போது மற்றவள் போர்வைக்குள் இருப்பாள், இல்லாவிட்டால் கட்டிலே காலியாக இருக்கும். எட்டு மாசமாக ஒருத்தியின் பக்கெட்டை ஒருத்தி நகர்த்தி வைத்து, மழை வந்தால் ஒருத்தி துணியை ஒருத்தி எடுத்து மடித்து, இப்படியே குடும்பம் நடத்தியிருக்கிறார்கள்.

இருவரையும் நான்தான் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தேன். கொஞ்ச நேரம் கல்யாணப் பேச்சுக்கு வந்தவர்கள் மாதிரி மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்றவள் தட்டை வைத்துவிட்டு எழுந்து நின்றாள். பவித்ரா தலையை மேலே, இன்னும் மேலே தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நீ இவ்ளோ ஒசரமாடி, படுத்துனு இருக்கறதையே பாத்ததால தெரியவே இல்ல."

கடைசி சீட்

இப்போது தூக்கம் வராதவர்.

போன பங்குனியில் ஒரு ஞாயிறு. படகு முழுக்க உறங்க, பின்னால் கடைசி சீட்டில் ஒருவர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாடா, ஆற்றைப் பார்க்க ஒரு ஆள் கிடைத்தது என்று எனக்கு ஒரே சந்தோஷம். பறவை நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். கிட்டப் போய்ப் பார்த்தால் கண் இரண்டும் செக்கச்செவேல் என்று இருக்கிறது.

பேர் மாரிச்செல்வம், விளாத்திகுளம் பக்கம். முப்பது வயதுகூட ஆகவில்லை. கார் கம்பெனிக்குத் தகடு அழுத்தித் தரும் இடத்தில், பிரஸ் மிஷினில் வேலை. ஐந்து பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த ரூம், மூன்று ஷிப்ட், மூன்று பாய். ஒருத்தன் எழுந்தால் அடுத்தவன் படுப்பான், பாய் ஆறவே ஆறாது என்றார். அப்படியே தூக்கம் விட்டுப்போய்விட்டது. மிஷினில் நிற்கும்போது மட்டும் கண் சொருகும். ஒரு தடவை கை உள்ளே போகப் பார்த்து, சென்சார் பிடித்து மிஷின் நின்றுவிட்டது. அதற்கு ஒரு வார்னிங் லெட்டர். "ரெண்டாவது தடவ டபுள் ஷிப்ட்டுக்கா. என்னய மாத்திவிட ரிலீஃப் வர வேண்டியவன் வரவே இல்ல. நிக்கேன் நிக்கேன், வாரான் வாரான்னு பாக்கேன், வரவே இல்ல" என்றார். மறுபடி கண் சொருகி, மறுபடி மிஷின் நின்றது. அதற்கும் ஒரு லெட்டர். இப்போது அவரை மிஷினில் இருந்து எடுத்து ஸ்டோரில் போட்டிருக்கிறார்கள். மூன்று வாரம் கெடு. மூன்றாவது திங்கட்கிழமை கம்பெனி டாக்டர் பார்ப்பார். தூக்கம் சரியாகவில்லை என்றால் கணக்கை முடித்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இந்த வருஷம் பெர்மனென்ட் ஆகவேண்டியவர்.

"கண்ண மூடுனா கை மிஷினுக்குள்ள இருக்க மாதிரியே தோணுதுக்கா, வெடுக்குன்னு முழிச்சிருதேன்" என்றார். அவர் கையைப் பார்த்தேன். இந்தப் படகில் ஏறினால் எல்லாருக்கும் தூக்கம் வருகிறது என்று கேள்விப்பட்டு வந்தாராம். என் சுற்றுலாவுக்கு ஊரில் இப்படி ஒரு பேர். வீணாக வந்தோமே என்று வருத்தமா என்று கேட்டேன். படகு முழுக்கத் தொங்கும் தலைகளை ஒரு சுற்று பார்த்தார். "இல்லக்கா. இவ்வள பேரு தூங்குதாவல்லா, அதப் பாத்துக்கிட்டு இருந்தாலே நானும் கொஞ்சம் தூங்குன மாதிரி இருக்கு."

மஞ்சள் கோடு

மாரிச்செல்வத்தைப் படகுக்கு அனுப்பியதே ஜெகன்தான். அதே கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவன், வல்லக்கோட்டைக்காரன். அடுத்த ஞாயிறு அவனும் கூடவே வந்தான். அவனைப் பற்றிச் சொல்லவேண்டும். போல்ட் என்று ஒன்றைப் பார்த்தால் அவனுக்குக் கை சும்மா இருக்காது. முடுக்கிப் பார்த்து, சரியாக இருந்தால் அதன் தலையில் மஞ்சள் மார்க்கரால் ஒரு கோடு போட்டால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். வேலைக்கு வராத நாளிலும் மார்க்கர் பாக்கெட்டிலேயே இருக்கும்.

ஏறி உட்கார்ந்ததும் கடைசி சீட் கிரீச் கிரீச் என்று முனகுவதைக் கண்டுபிடித்துவிட்டான். "இந்த சவுண்டுல எவனுக்குத் தூக்கம் வரும்?" என்று தேசிங்கு அண்ணனிடம் ஸ்பேனர் வாங்கி, சீட்டுக்கு அடியில் படுத்து மூன்று போல்ட்டை முடுக்கி மூன்று கோடு போட்டான். தேசிங்கு அண்ணனுக்கு ரோஷம். என் படகிலேயே குறை கண்டுபிடிக்கிறான் பார் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனாலும் விஷயம் தெரிந்ததும் இன்ஜினை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்தார். நான் மைக்கைக் கழற்றிப் பையில் போட்டேன். அன்றைக்குப் படகு போனதே தெரியவில்லை, ஆறுதான் எங்களைத் தூக்கிக்கொண்டு போனது போல இருந்தது. மாரிச்செல்வம் கண்ணை மூடிக்கொண்டார். ஜெகன் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். எனக்குத் தெரியும், அது தூக்கமில்லை. எங்கள் மனது நோகக்கூடாது என்று மூடியிருந்தார். இமை துடித்துக்கொண்டே இருந்தது.

மூன்றாவது ஞாயிறு போனால், தேசிங்கு அண்ணன் ரோஷத்தில் படகு முழுக்க மஞ்சள் கோடு போட்டு வைத்திருக்கிறார். கம்பி, சீட்டு, ஏணி, நங்கூரம், டீ ஃபிளாஸ்க் மூடி, ஒன்றும் பாக்கியில்லை. மார்க்கர் கிடைக்கவில்லையாம், பெயின்ட் பிரஷ்ஷால் போட்டிருந்தார். ஜெகன் ஒன்றிரண்டைக் கையால் ஆட்டிப் பார்த்தான். ஆடியது. பொறுமையாகச் சொன்னான்: "கோடு போட்டுட்டா டைட் ஆயிடாதுண்ணா, டைட் பண்ணிட்டுதான் கோடு போடணும்."

இடது தோள்

மறுநாள் திங்கட்கிழமை. டாக்டர் பார்க்கும் நாள். இது எனக்கும் ஜெகனுக்கும் தேசிங்கு அண்ணனுக்கும் தெரியும். மீன் குழம்பில் அன்றைக்கு உப்புப் போட மறந்துவிட்டேன்.

ஒரு மணிக்குத் திரும்பினோம். கடல் காற்று மெல்ல எழுந்திருந்தது. தண்ணீர் முழுக்க வெயில் சின்னச் சின்னத் துண்டாக மிதந்தது. எல்லாரும் உறங்கிவிட்டார்கள், ஜெகன்கூட. மாரிச்செல்வம் அதே இடத்தில், அதே நிமிர்வில். இரண்டு கையையும் முன்னால் இருந்த கம்பியில் வைத்திருந்தார். அப்போதுதான் நான் கவனித்தேன். இரண்டு கைக்கும் நடுவில் இரண்டடி இடைவெளி. உள்ளங்கை கீழே பார்த்து அழுத்தியபடி. மூன்று வாரமும் அவர் இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார். பிரஸ் மிஷினில் இரண்டு பட்டன் இருக்கும், இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மிஷின் இறங்கும், கை உள்ளே மாட்டாமல் இருக்க அந்த ஏற்பாடு. இந்த மனிதர் இன்னும் மிஷினிலேயே நிற்கிறார். அவரை யாரும் வந்து மாற்றிவிடவே இல்லை.

லைனில் நிற்காதவர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஒண்ணுக்கு முட்டினாலும் சரி, வீட்டில் சாவு விழுந்தாலும் சரி, ரிலீஃப் ஆள் வராமல் இடத்தை விட்டு நகரக்கூடாது. அவர் வந்து இடது பக்கம் நின்று, தோளைத் தட்டி, "ரிலீஃப்" என்பார். நிலவரம் என்ன என்று நாம் சொல்லவேண்டும். அவர் "ஓகே" என்றபிறகுதான் கை எடுக்கவேண்டும். ஆறு வருஷத்தில் அந்தத் தட்டலைப் போல எனக்கு இனித்தது வேறு எதுவும் இல்லை, நிச்சயதார்த்தம் உட்பட.

நான் எழுந்து போனேன். அவருக்கு இடது பக்கம் நின்றேன். தோளைத் தட்டி, "ரிலீஃப்" என்றேன்.

திரும்பிப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. கையைக் கம்பியில் இருந்து எடுக்காமல், தண்ணீரைப் பார்த்தபடியே ஒப்புவிக்க ஆரம்பித்தார். "தண்ணி ஓகே. இன்ஜின் சத்தம் நார்மல். முன்னால வலை எதுவும் இல்ல. வலது கரைல ரெண்டு கொக்கு நிக்கி, அதுல ஒண்ணு ஒத்தக்கால்ல நிக்கி. வேற ஒண்ணும் இல்ல." நான் "ஓகே" என்றேன். முதலில் வலது கை கம்பியை விட்டது. கொஞ்சம் கழித்து இடது கை. நகர்ந்து எனக்கு இடம் விட்டார், மடித்து வைத்திருந்த லைஃப் ஜாக்கெட்டில் தலையைச் சாய்த்தார். அவர் விட்ட இடத்தில் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கம்பி சூடாக இருந்தது. ஆறு வளைகிற இடம் வருவதற்கு முன்பே அவருக்குப் பேச்சு குழறிவிட்டது. கடைசியாக அவர் சொன்னது இது: "கொக்கு பறந்துட்டுன்னா மட்டும் ரிப்போர்ட்ல எழுதிருங்கக்கா."

மூன்று மணி

மூன்று மணிக்குத் துறை வந்தது. இந்த இடத்தில்தான் நான் "கரை வந்தாச்சு, எழுந்திருங்க" என்று எட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரி கத்துவேன். வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். கம்பியை விடாமல் காலால் தட்டி ஜெகனை எழுப்பினேன், அவன் அடுத்தவரை எழுப்பினான், அப்படியே வரிசையாக. விஷயம் காதுக்குக் காது போயிற்று. முப்பத்தொன்பது பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி இறங்கினார்கள். பாதிப் பேருக்கு மறுநாள் விடிகாலை முதல் ஷிப்ட். பஸ் டிரைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். எல்லாரும் என்ன சொல்வார்களோ என்று எனக்குப் பயம். படப்பை வந்தால் எழுப்பச் சொன்ன ஏழுமலை அண்ணன்தான் டிரைவரிடம் போனார். "இருப்பா, அந்தத் தம்பி முழிச்சிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, ஒரு சவுக்கு மரத்தடியில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். மற்றவர்களும் போய் உட்கார்ந்தார்கள்.

என்னால்தான் எழுந்திருக்க முடியவில்லை. ரிலீஃப் எடுத்தாகிவிட்டதே. எழுந்து போயிருந்தால் யாருக்குத் தெரியும் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரியும். அவர் என்னை நம்பி ஒப்படைத்துவிட்டுத் தூங்குகிறார். கால் மரத்துப்போய், அவசரமும் தாங்காமல், ஜெகனைக் கண்ணால் கூப்பிட்டேன். அவன் வந்து இடது பக்கம் நின்று தோளைத் தட்டினான். தண்ணி ஓகே, இன்ஜின் ஆஃப், கொக்கு ரெண்டும் ஆறு வளைகிற இடத்திலேயே பறந்துவிட்டன என்று அவன் காதில் சொல்லிவிட்டு ஓடினேன். அரை மணி கழித்து ஜெகனை ஏழுமலை அண்ணன் மாற்றினார். துறையில் படகு இடித்து இடித்துச் சத்தம் வருகிறது என்று தேசிங்கு அண்ணன் கயிற்றை அவிழ்த்து, நீளக் கழியால் தள்ளி, படகை நடு ஆற்றுக்குக் கொண்டுபோய் நங்கூரம் போட்டார்.

கரையில் முப்பது சொச்சம் பேர் டீ கிளாஸோடு உட்கார்ந்து அந்தப் படகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாலை வெயிலில் ஆறு தாமிரத் தட்டு மாதிரி கிடந்தது. மீன்கொத்தி ஒன்று விழுந்து எழுந்தது, எல்லாரும் பார்த்தார்கள். நான் பேர்கூடச் சொல்லவில்லை. எத்தனை வருஷமாக நான் மைக் வைத்துக் கத்தியும் நடக்காதது அன்றைக்கு நடந்தது. அவர்கள் முழித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, கூடவே அழுகையும் வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டேன். யாரும் கேட்டால் டீ புகை என்று சொல்லியிருப்பேன்.

ஐந்தரை மணிக்கு மாரிச்செல்வம் கண் விழித்தார். பக்கத்தில் தேசிங்கு அண்ணன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஏழுமலை அண்ணன் சொல்லிக்கொடுத்துவிட்டு முன்வரிசைக்குப் போயிருந்தார். மாரிச்செல்வம் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியாமல் பார்த்தாராம். பிறகு மெல்ல எழுந்து, அவருக்கு இடது பக்கம் நின்று, தோளைத் தட்டியிருக்கிறார். தேசிங்கு அண்ணன் நிலவரம் சொன்னார்: "ரெண்டு கொக்கும் பூட்ச்சி தம்பி, ஆறு மட்டும் அப்டியே கீது, எட்த்துக்கோ."

பிறகு

திங்கட்கிழமை டாக்டரிடம் அவர் பொய் சொல்லவில்லை. நேற்று நாலு மணி நேரம் தூங்கினேன், படகில், ஆள் மாற்றி ஆள் காவல் இருந்தார்கள் என்றே சொல்லியிருக்கிறார். டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டு, சரி, இன்னும் ஒரு மாசம் பகல் வேலையில் ஸ்டோரிலேயே இருக்கட்டும், பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தாராம். ரூமில் மற்ற நாலு பேருக்கும் ஜெகன் விஷயத்தைச் சொல்லிவைத்தான். அன்றில் இருந்து அந்த ரூமில் யார் எழுந்து வேலைக்குக் கிளம்பினாலும், படுக்க வருகிறவன் தோளைத் தட்டி "ரிலீஃப், நான் பாத்துக்கறேன், நீ படு" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பு மாட்டவேண்டும். ஒரு மாசம் கழித்து டாக்டர் கையெழுத்துப் போட்டார். மாரிச்செல்வம் மறுபடி பிரஸ் மிஷினுக்குப் போய்விட்டார். பத்து விரலும் பத்திரமாக இருக்கிறது, நான் எண்ணிப் பார்த்தேன்.

போன ஞாயிறு வந்தார். இளைத்த முகம் கொஞ்சம் பூரித்திருந்தது. கண்ணில் சிவப்பு இல்லை. பறவை நோட்டை எடுத்துக்கொண்டு ஆசையாகப் பக்கத்தில் போனேன். இனிமேலாவது இவரோடு உட்கார்ந்து ஆற்றைப் பார்க்கலாம் என்று ஒரு நப்பாசை. தேசிங்கு அண்ணன் இன்னும் கயிற்றைக்கூட அவிழ்க்கவில்லை. மாரிச்செல்வம் லைஃப் ஜாக்கெட்டை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்: "தண்ணி ஓகே, கொக்கு இன்னும் வரல்ல, நீங்க எடுத்துக்கிடுங்கக்கா."

ஆக, ஆறு காட்டுகிறேன் என்று கடை போட்டு, வாரத்துக்கு நாற்பது பேரைத் தூங்க வைத்துக்கொண்டிருக்கிறேன். ஆற்றைப் பார்க்கிற வேலை மட்டும் இத்தனை வருஷமாக என் ஷிப்டிலேயே இருக்கிறது, எனக்கு ரிலீஃப் இன்னும் வரவில்லை.